டிடொக்ஸ் டயட்டைச் சுகாதாரப் பக்கங்கள் பரப்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். எழுவான்கரை ஆட்களும் வருவார்கள், வாவியைத் தாண்டிப் படுவான்கரையிலிருந்தும் வருவார்கள். இப்போது பலர் மருந்துத் துண்டோடு சேர்த்து போனையும் நீட்டுகிறார்கள். "7 நாளில் ஈரலைக் கழுவுங்கள்", "குடலில் தேங்கிய நஞ்சை வெளியேற்றும் பானம்" என்று அதில் ஏதாவது இருக்கும். விளம்பரம் என்றால் பரவாயில்லை. சுகாதாரத் தகவல் தருவதாகச் சொல்லும் பக்கங்களிலேயே இவை வருகின்றன. கவுண்டரில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். தலைப்பில் உள்ள கேள்விக்கு என் பதில்: பரப்பக் கூடாது.

டிடொக்ஸ் என்றால் உண்மையில் என்ன?

ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லுக்குத் தெளிவான பொருள் உண்டு. குடிக்கு அடிமையானவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் எல்லாம் வரலாம். அவரைக் கண்காணிப்பில் வைத்து, மருந்தும் விற்றமின் பி1உம் கொடுத்துக் கரைசேர்ப்பதைத்தான் அங்கே டிடொக்ஸ் என்பார்கள்.

சந்தையில் உள்ளது வேறு. மூன்று நாளோ மூன்று வாரமோ சோறு கறியை விட்டுச் சாறு மட்டும் குடிப்பது, பேதித் தேத்தண்ணி, உப்புத் தண்ணீரால் குடல் கழுவுவது, கரித்தூள் பானம், இப்படிப் பல. பெயரை மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

எந்த நஞ்சு வெளியேறுகிறது?

இதைத்தான் நானும் கேட்கிறேன். நஞ்சின் பெயர் என்ன, குடிப்பதற்கு முன் இரத்தத்தில் எவ்வளவு இருந்தது, குடித்த பின் எவ்வளவு? 2009இல் பிரித்தானியாவில் இளம் விஞ்ஞானிகள் குழு ஒன்று, டிடொக்ஸ் என்று பெயர் போட்டு விற்ற 15 பொருட்களைப் பற்றி அவற்றின் நிறுவனங்களிடம் இதே மாதிரிக் கேட்டது. நஞ்சுகளின் பெயரைச் சொல்லவோ, தங்கள் பொருள் அவற்றை வெளியேற்றுகிறது என்று காட்டவோ அவர்களால் முடியவில்லை. டிடொக்ஸ் என்ற சொல்லுக்கே ஒரு பொதுவான விளக்கம் அவர்களிடம் இல்லை. பிறகு 2015இல், இந்த டயட்டுகளைப் பற்றி வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை, மனிதர்களிடம் ஒழுங்காக, குலுக்கல் முறையில் குழு பிரித்துச் செய்த சோதனை ஒன்றுகூட இல்லை என்று எழுதியது.

அப்படியென்றால் உடம்பில் நஞ்சே சேர்வதில்லையா?

சேர்கிறது. உடம்பு அதை ஒவ்வொரு நாளும் கையாள்கிறது. நம் வீட்டு மரவள்ளிக்கிழங்கையே எடுங்கள். அதில் சயனைட்டைத் தரக்கூடிய பொருள் இருக்கிறது. நம் அம்மம்மாக்கள் கிழங்கைத் தோல் சீவி, வெட்டி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். நஞ்சில் பெரும்பகுதி அடுப்படியிலேயே போய்விடும். மிஞ்சுகிற கொஞ்சத்தை ஈரல் பார்த்துக்கொள்ளும். சயனைட்டோடு கந்தகத்தைச் சேர்த்துத் தீங்கு குறைந்த ஒன்றாக மாற்றிவிடும், சிறுநீரகம் அதைச் சிறுநீரில் வெளியே தள்ளும். அந்தக் கந்தகம் எங்கிருந்து வருகிறது? மீன், முட்டை, பருப்பு போன்ற புரத உணவிலிருந்து. ஆபிரிக்காவில் சரியாகப் பதப்படுத்தாத மரவள்ளியை மட்டுமே தின்று, புரதம் கிடைக்காமல் போன மக்களுக்குக் கால்கள் செயலிழந்து போயிருக்கின்றன. ஈரலைச் சுத்தம் செய்கிறேன் என்று மீனையும் பருப்பையும் விட்டுச் சாறு மட்டும் குடிப்பவர், ஈரல் வேலை செய்வதற்கு வேண்டிய சாமானைத்தான் முதலில் நிறுத்துகிறார்.

சிறுநீரகமும் சும்மா இருப்பதில்லை. ஒரு நாளில் சுமார் 180 லீற்றர் நீரை வடிகட்டி, வேண்டியதைத் திருப்பி எடுத்துக்கொண்டு, ஒன்றரை இரண்டு லீற்றரை மட்டும் வெளியே விடுகிறது. இதுவும் ஈரலும் வேலை செய்யாமல் போனால் அதற்குப் பெயர் நோய். அதற்கு ஆஸ்பத்திரி வாட்டும் டயலிசிஸும்தான் வேண்டும்.

வயலுக்கு மருந்து அடிக்கிறவன் நான். இளநீர் குடித்தால் அந்த நஞ்சு இறங்காதா?

அம்பாறைப் பக்கத்து அண்ணன் ஒருவர் கேட்டது. இந்தப் பக்கத்தில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை, ஏனென்றால் இது உண்மையான நஞ்சு.

இறங்காது. பூச்சிநாசினிகளில் சில வகைகள் தோல் வழியாகவே உள்ளே போகும். வியர்வையில் நனைந்த சட்டையோடு, முதுகில் ஒழுகும் தாங்கியைச் சுமந்துகொண்டு, காற்றுக்கு எதிரே நின்று அடித்தால் உடம்பு முழுக்கப் படும். காற்றுப் பக்கம் முதுகைக் காட்டி அடியுங்கள். நீளக் கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் போடுங்கள். வேலை முடிந்ததும் வெற்றிலை போட முன், பீடி பற்ற வைக்க முன், சவர்க்காரம் போட்டுக் குளித்து உடுப்பை மாற்றுங்கள். அந்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

அடித்துவிட்டு வந்தவருக்கு அளவு மீறிய வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், சத்தி, வயிற்றோட்டம், கண்பார்வை மங்குதல், தசை துடித்தல் என்று எது வந்தாலும் உடுப்பைக் கழற்றி, உடம்பைக் கழுவி, 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். போத்தலையும் கொண்டுபோங்கள். அதன் லேபலைப் பார்த்துத்தான் டொக்டர் மாற்று மருந்தை முடிவு செய்வார். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். இளநீர், பால், தேசிக்காய்த் தண்ணி என்று கொடுத்து நேரத்தை விட வேண்டாம். நஞ்சு என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் பாவிக்கிற ஒரு பக்கத்தைப் படித்துப் பழகியவருக்கு, உண்மையான நஞ்சு உடம்பில் பட்ட நாளிலும் சாறுதான் நினைவுக்கு வரும். எனக்கு அந்தப் பயம் இருக்கிறது.

மூன்று நாளில் இரண்டு கிலோ குறைந்ததே?

குறைந்திருக்கும். உடம்பு குளுக்கோஸைக் கிளைக்கோஜனாக ஈரலிலும் தசையிலும் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சாப்பாட்டை நிறுத்தினால் முதலில் அது கரையும், அதோடு தண்ணீரும் போகும். பேதியும் குடித்தால் குடலில் இருந்ததும் போகும். திரும்பச் சோறு தின்ற வாரமே தராசு பழைய இடத்துக்கு வரும்.

ஆனால் உடம்பு லேசாக இருந்தது. அது பொய்யா?

பொய் இல்லை. அந்த ஒரு வாரம் சோடா குடிக்கவில்லை, பேக்கரி ரோல்ஸும் பணிஸும் தின்னவில்லை, சிலர் சாராயத்தைத் தொடவில்லை, தண்ணீர் நிறையக் குடித்தார்கள், நேரத்துக்குப் படுத்தார்கள். உடம்பு லேசாகத்தானே இருக்கும்? அந்தப் பழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். பொதியில் வந்த தூளை விட்டுவிடலாம்.

எண்ணெயும் தேசிக்காய்ச் சாறும் குடித்தேன், பித்தப்பைக் கல் பச்சை நிறத்தில் வெளியே வந்தது. கண்ணால் பார்த்தேனே?

நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் அது கல்லாக இருக்க வாய்ப்பில்லை. 2005இல் த லான்செற் மருத்துவ இதழில் இதே மாதிரி ஒரு பெண்ணின் கதை வந்தது. ஒலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்து அவர் வெளியேற்றிய பச்சை உருண்டைகளை ஆய்வுகூடத்தில் பரிசோதித்தார்கள். பித்தப்பைக் கல்லில் வழக்கமாக இருக்கும் கொலஸ்ரரோல் அதில் இல்லை, கொழுப்பமிலங்கள்தான் இருந்தன. 40 பாகை வெப்பத்திலேயே உருகிவிட்டது. குடித்த எண்ணெய் குடலுக்குள் போய்ச் சவர்க்காரமாக உருண்டு வந்திருக்கிறது. கல் பித்தப்பையிலேயே இருந்தது, பிறகு சத்திர சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள்.

விலா எலும்புக்குக் கீழ் வலி, காய்ச்சல், கண் மஞ்சள் என்றால் ஸ்கேன் எடுங்கள்.

நஞ்சை இழுக்கும் என்று பாதத்தில் ஒட்டும் பட்டை காலையில் கறுத்துப் போகிறதே?

ஈரம் பட்டால் கறுக்கும். வெறும் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள்.

நம் முன்னோர் பேதி குடித்தார்களே? அதுவும் தப்பா?

இதைப் பெரியவர்கள் கொஞ்சம் மனக்குறையோடு கேட்பார்கள். "மகள், ஆமணக்கெண்ணெய் குடிச்சு வளந்த ஆக்கள் நாங்க" என்பார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

சித்த மருத்துவத்தில் வமனமும் (சத்தி எடுக்க வைப்பது) பேதியும் சிகிச்சை முறைகள். ஆனால் அங்கே வைத்தியர் நாடி பார்ப்பார், வயதைக் கேட்பார், பெண்ணென்றால் மாதக்கணக்கைக் கேட்பார், பருவம் பார்ப்பார், அன்றைக்கு என்ன கஞ்சி, எப்போது குளிப்பு என்று சொல்லி அனுப்புவார். இந்த நாட்டில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ்ச் சித்த வைத்தியர்களும் பதிவு செய்யப்படுகிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. அப்படிப் படித்த ஒருவர், உங்கள் கிளினிக் கொப்பியையும் பார்த்துவிட்டுச் சொல்வதும், ஆளையே காணாத ஒரு பக்கம் எல்லாருக்கும் ஒரே அளவு சொல்வதும் எப்படி ஒன்றாகும்? பாட்டன் பெயரைச் சொல்லி விற்கிறவர்கள் பாட்டனின் கவனத்தை விட்டுவிட்டார்கள்.

இன்னொன்று. "சிலிம் டீ" என்று வருபவற்றில் பலதில் இருப்பது நிலாவாரை இலை. அது பேதி மருந்து. மாதக்கணக்கில் குடித்தால் உடம்பில் பொற்றாசியம் குறைந்து இதயத் துடிப்பே குழம்பலாம். இப்படி எடை குறைக்கும் பொருட்கள் சிலவற்றில், லேபலில் எழுதாமல் சிபுட்ரமைன் என்ற மருந்தைக் கலந்திருந்ததும் வெளிநாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இதயத்துக்குக் கெடுதல் என்று 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறுத்திய மருந்து அது.

பச்சைச் சாறுதானே, என்ன கெடுதல் வரும்?

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வளவில் காய்க்கும் காமரங்காயும், அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கும் பிலிங்காயும் ஒக்சலேட் மிகுந்தவை. கறிக்கு இரண்டு காய் போடுவது வேறு. பத்துப் பதினைந்தைப் பிழிந்து வெறும் வயிற்றில் ஒரு கோப்பை குடிப்பது வேறு. அவ்வளவு ஒக்சலேட் ஒரேயடியாகப் போனால் சிறுநீரகத்துக்குள் பளிங்குகளாகப் படிந்து அடைத்துவிடும். காமரங்காயால் சிறுநீரகம் கெட்ட இரண்டு நோயாளிகளைப் பற்றி இலங்கை மருத்துவர்கள் 2015இல் எழுதியிருக்கிறார்கள். பிலிங்காய்ச் சாறு குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் கேரளத்தில் இருந்தார்கள். பசளி போன்ற கீரைகளைப் பச்சையாக அரைத்துக் குடிக்கும் "கிளென்ஸ்" என்ற சுத்திகரிப்பு முறையால் வெளிநாட்டிலும் இதே பாதிப்பு பதிவாகியிருக்கிறது. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவருக்குக் காமரங்காய் மூளையையும் தாக்கும். நிற்காத விக்கல்தான் பல நேரம் முதல் அறிகுறி.

அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டிப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவலாக இருக்கிறது. தமக்கு நோய் இருப்பதே தெரியாமல் பலர் வயலில் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அப்படியான ஒரு மாவட்டத்துக்கு "சிறுநீரகத்தைக் கழுவும் சாறு" என்று எழுதி அனுப்புகிறார்கள்.

கிளினிக் மருந்து குடிக்கிறவர்கள் செய்யலாமா?

என் பெரியம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். யாரோ அனுப்பிய சுகாதாரப் பக்கம் ஒன்றைப் படித்துவிட்டுப் பாகற்காய்ச் சாறும் தேசிக்காய்த் தண்ணியும் மட்டும் என்று தொடங்கினார். குளிசையை நிறுத்தவில்லை. "மருந்தை விடக் கூடாது என்று நீதானே சொன்னாய்" என்று பிறகு சொன்னார். மூன்றாம் நாள் விடியற்காலை உடுப்பு நனைய வியர்த்து, என்னையே யாரென்று கேட்டார். இரத்தத்தில் சீனி 48க்கு இறங்கியிருந்தது. சீனித் தண்ணி பருக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் "சீனி வருத்தக்காரருக்கு மிகவும் நல்லது" என்றுதான் எழுதியிருந்தது.

கிளிக்லசைட் என்ற சீனிக் குளிசை அல்லது இன்சுலின் எடுப்பவர் சாப்பாட்டை நிறுத்தினால் இப்படி நடக்கும். லொசார்ட்டன், எனலபிரில் என்ற பிரஷர்க் குளிசைகள், சலம் போகும் குளிசை ஆகியவற்றை எடுப்பவருக்கு வயிற்றோட்டமும் நீரிழப்பும் வந்தால் சிறுநீரகம் சட்டென்று விழலாம். கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடியில் இந்தப் பக்கம் வெயிலே உடம்பு நீரைப் பாதி உறிஞ்சிவிடும், அதன்மேல் பேதியும் என்றால் யோசித்துப் பாருங்கள். மெற்ஃபோமின் என்ற சீனிக் குளிசையும் அந்த நிலையில் ஆபத்தாகும். இரத்தம் உறையாமல் இருக்க வோஃபரின் எடுப்பவர் திடீரென்று கீரைச் சாறு குடித்தால் மருந்தின் வேலை குறையும். கரித்தூள் பானம் பல குளிசைகளைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும். உப்புத் தண்ணிக் கழுவலுக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் ஒரு முழு நாளுக்குச் சொல்வது 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிகூட இல்லை. பிரஷர்க்காரர் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் பிள்ளைகளும் அப்படித்தான்.

இயற்கைப் பொருள்தானே, பக்கவிளைவு வராதே?

கொறுக்காய்ப் புளி இல்லாமல் நமக்கு மீன்கறி ஏது? ஒரு துண்டு போட்டால் கறிக்கு உயிர். அதே இனத்துக் காயின் சத்தைச் செறிவாக்கிக் குளிசையாக எடை குறைக்க விற்கிறார்கள். அந்தக் குளிசைகளால் ஈரல் பழுதானவர்கள் இருக்கிறார்கள், சிலருக்கு ஈரல் மாற்றும் அளவுக்குப் போயிருக்கிறது. கறிச்சட்டியில் இருக்கும் அளவை வைத்துப் போத்தலில் இருக்கும் அளவை எடை போட முடியாது.

நோன்பும் விரதமும் டிடொக்ஸ்தானே?

நோன்பு நோன்புதான். கந்தசஷ்டியும் கேதாரகௌரியும் விரதம்தான். அவை நம்பிக்கைக்காக இருப்பவை. அவற்றுக்கு ஈரல் கழுவல் என்று ஒரு சான்றிதழ் ஒட்ட வேண்டிய தேவை இல்லை. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆட்கள் றமழானுக்கு ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் மருந்து நேரத்தை மாற்றிக் கேட்டு வாங்குகிறார்கள். நல்ல பழக்கம், விரதம் பிடிக்கும் மற்றவர்களும் அதைச் செய்யலாம். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தருகிறது.

அப்போ சுகாதாரப் பக்கங்கள் இதைப் பற்றி எழுதவே கூடாதா?

எழுத வேண்டும், நிறைய எழுத வேண்டும். ஆட்கள் தேடுகிறார்கள். மேலே நான் சொன்ன மாதிரி, எதற்கு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை, யார் செய்யக் கூடாது என்று எழுதினால் அது சேவை. "இந்த 10 பானம் ஈரலைச் சுத்தம் செய்யும்" என்று எழுதி, கீழே வாங்குவதற்கான இணைப்பையும் போட்டால் அது கடை. கடை வைப்பது குற்றமில்லை. கடையை ஆஸ்பத்திரி மாதிரிச் சோடிப்பதுதான் பிழை. ஸ்தெதஸ்கோப் படமும் வெள்ளைக் கோட்டும் போட்ட பக்கத்தைப் பார்க்கும்போது என் பெரியம்மாவுக்குக் கிளினிக் மிஸ் சொல்வது மாதிரித்தான் தெரிந்தது.

சட்டமும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் மருந்துகளையும், மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருட்களையும் பார்க்கிறது. 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் பொய்யான லேபலைத் தடுக்கிறது. உங்கள் ஊரில் இப்படி ஒரு பொதி விற்கக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள்.

இரண்டு பக்கத்தையும் சொல்லி, முடிவை ஆட்களிடம் விடலாமே?

படித்த தம்பி ஒருவர் இப்படி வாதாடினார். நியாயமாகத்தான் கேட்டார், அதனால் நானும் யோசித்தேன். இரண்டு பக்கமும் ஆதாரம் இருக்கும் விஷயமென்றால் அப்படிச் செய்யலாம். இங்கே ஒரு பக்கத்தில் சிறுநீரகம் கெட்ட நோயாளியின் பதிவு இருக்கிறது, மறு பக்கத்தில் "எனக்கு லேசாக இருந்தது" மட்டும்தான் இருக்கிறது. சமமாக நிறுத்தினால் வாசிப்பவர் ஏமாறுவார்.

இதையும் நினைக்க வேண்டும். ஆங்கிலத்தில் தேடுகிறவருக்கு நல்லதும் கெட்டதுமாகப் பத்துப் பக்கம் வரும், ஒன்றை ஒன்றால் சரிபார்க்கலாம். தமிழில் தேடுகிறவருக்குக் கிடைப்பது கொஞ்சம். அதில் முதலாவது பிழையென்றால் அதைத் திருத்த இரண்டாவது இருக்காது. வாட்ஸ்அப்பில் வெட்டி ஒட்டி அனுப்பும்போது எச்சரிக்கை வரிகள்தான் முதலில் விடுபடும். ஆகவே தமிழில் சுகாதாரம் எழுதுகிறவருக்குப் பொறுப்பு கூடுதல் என்றே நான் நம்புகிறேன்.

டொக்டர் ஒருவரே வீடியோவில் சொல்கிறாரே?

அவர் பெயருக்குப் பின்னால் இலங்கை மருத்துவச் சபையின் பதிவு இருக்கிறதா, வீடியோ முடிவில் ஏதாவது விற்கிறாரா என்று பாருங்கள். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்காத எந்த டொக்டரும் உங்கள் டொக்டர் இல்லை.

சரி, உடம்பைப் பார்த்துக்கொள்ள என்னதான் செய்வது?

வல்லாரைச் சம்பல், முருங்கையிலைச் சுண்டல், வாவி மீன், பருப்பு, தவிடு போகாத சிவப்பரிசிச் சோறு கொஞ்சம் குறைவாக. காலையில் இலைக்கஞ்சி குடிப்பது நல்ல வழக்கம், அதைப் பிழிந்து வடித்து நாரை எறியாமல் குடியுங்கள். பழத்தைச் சாறாக்காமல் கடித்துத் தின்னுங்கள். 35 வயது தாண்டியிருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் சீனியும் பிரஷரும் காசில்லாமல் பார்ப்பார்கள். ஒரு பொதி டிடொக்ஸ் தூளின் காசுக்கு வாவி மீன் எத்தனை நாள் வாங்கலாம் என்றும் கணக்குப் பாருங்கள்.

அம்மா ஏற்கெனவே தொடங்கிவிட்டார். சொன்னால் கேட்க மாட்டார். என்ன செய்ய?

சண்டை பிடிக்க வேண்டாம். உடம்பில் அக்கறைப்பட்டுத்தான் அவர் தொடங்கியிருப்பார், அதை மதித்துப் பேசுங்கள். என்ன குடிக்கிறார், எந்தக் குளிசைகளோடு குடிக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். வீட்டில் சீனி பார்க்கும் கருவி இருந்தால் காலையும் மாலையும் பாருங்கள். வியர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு, சலம் குறைதல், எழும்பும்போது தலைச்சுற்று, நிற்காத விக்கல், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ஒன்றும் இல்லையென்றால், அடுத்த கிளினிக் நாளில் அந்தப் போத்தலையும் கொப்பியோடு சேர்த்துப் பையில் வைத்துவிடுங்கள். மறைக்காமல் டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.